மாதிரி விமான எஞ்சின்களின் மீயொலித் தூய்மைப்படுத்தல்

மாதிரி விமானங்களில் பொருத்தப்படும் சிறு எஞ்சின்களைப் பிரித்து, மீயொலியால் அதிரும் வெந்நீர்க் கரைசலில் மூழ்கவைத்து, எண்ணெய்ப் படிவையும் அழுக்கையும் நீக்கும் முறை இது. நகைக்கடைகளிலும் மூக்குக்கண்ணாடிக் கடைகளிலும் இருக்கும் அதே அல்ட்ராசானிக் கிளீனர்தான் இதற்கும் பயன்படுகிறது. 2 அல்லது 3 லிட்டர் கொள்ளும் தொட்டி போதும். பழைய எஞ்சின்களைச் சேகரிப்பவர்களும், பல ஆண்டுகள் பரணில் கிடந்த எஞ்சினை மறுபடி ஓட்ட விரும்புபவர்களும் இதை நாடுகிறார்கள். கருவியைப் போட்டதும் எல்லாக் கறையும் உதிர்ந்துவிடும் என்று நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும். காரணம், அந்தக் கறையின் தன்மை.

கறையின் தன்மை

1947இல் அமெரிக்கரான ரே ஆர்டென் எரிபொருளைப் பற்றவைக்கும் குளோ பிளக்கை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு, மாதிரி விமானங்களில் தீப்பொறிச் சுருளும் அதற்கான பெரிய மின்கலமும் தேவையற்றுப் போயின. பிளக்கிலுள்ள பிளாட்டினக் கம்பியைத் தொடக்கத்தில் சுமார் 1.5 வோல்ட் மின்சாரம் சூடேற்றும். அதன்பின் எரிதலின் வெப்பமும் மெத்தனால் ஆவியின் மீது பிளாட்டினம் புரியும் வினையூக்கமும் அதை ஒளிர வைத்துக்கொண்டிருக்கும். இவ்வகை எஞ்சின்களின் எரிபொருள் மெத்தனாலும் எண்ணெயும் சேர்ந்தது. வேகம் கூட்ட நைட்ரோமீத்தேனும் சேர்ப்பதுண்டு. உலகப் போட்டி விதிகள் பல பிரிவுகளில் அனுமதிக்கும் கலவை 80 விழுக்காடு மெத்தனால், 20 விழுக்காடு எண்ணெய். அந்த எண்ணெய் நெடுங்காலம் விளக்கெண்ணெயாகவே இருந்தது.

விளக்கெண்ணெய் மெத்தனாலில் நன்றாகக் கரையும். பெட்ரோலிலும் மண்ணெண்ணெயிலும் அவ்வளவு எளிதில் கலக்காது. ஆகவே புதிதாகப் படிந்த எண்ணெயை மெத்தனால் நனைத்த துணியாலேயே துடைத்துவிடலாம். சூட்டில் மீண்டும் மீண்டும் காய்ந்த எண்ணெயின் கதை வேறு. அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, குளிர்விப்புத் தகடுகளிலும் புகைவாய் ஓரத்திலும் அரக்குப் பூசியதுபோல் பழுப்பு நிறத்தில் இறுகிவிடும். பிறகு மெத்தனாலும் அதைக் கரைக்காது. சிலிண்டருக்குள் இந்தப் படிவு ஏறினால் பிஸ்டன் இறுகும். ஓட்டத்தின் நடுவே வேகம் தளரும் காக்ஸ் நிறுவனத்தின் சிறிய எஞ்சின்களில் பலவற்றின் நோய் இதுதான்.

செயல்படும் விதம்

தொட்டியின் அடியில் ஒட்டிய அழுத்தமின் பீங்கான் வில்லைகள் மின்சாரத்தால் அதிர்கின்றன. சிறு கருவிகளில் பெரும்பாலும் இந்த அதிர்வு நொடிக்கு 40,000. அலையின் தளர்ந்த பகுதியில் நீரில் நுண்குமிழ்கள் பிறந்து, அடுத்த அழுத்தத்தில் நொறுங்குகின்றன. உலோகப் பரப்பை ஒட்டி நொறுங்கும் குமிழி அந்தப் பரப்பின் மீதே ஒரு நுண்தாரையைப் பாய்ச்சும். கப்பல் உந்திகளை அரித்துத் துளையிடுவதும் இதே நிகழ்வுதான்.

நீரில் 40 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் 4 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. எனவே தொட்டியில் வலுவான இடங்களும் மெலிந்த இடங்களும் 2 செ.மீ.க்குள் மாறி மாறி வரும். உறுப்பை அவ்வப்போது நகர்த்தி வைக்க வேண்டும். மெல்லிய அலுமினியத் தாளை ஒரு நிமிடம் தொங்கவிட்டால் எங்கே துளை விழுகிறது என்று பார்த்து வலுவான இடங்களை அறியலாம். தாளைத் துளைப்பது அலுமினிய க்ராங்க்கேஸையும் நாளடைவில் அரிக்கும் என்பதை இந்தச் சோதனையே காட்டிவிடுகிறது. புதிதாக ஊற்றிய நீரில் கரைந்த காற்று குமிழிகளின் வேகத்தைத் தணிப்பதால், உறுப்பை இடுமுன் சில நிமிடம் வெறுமனே ஓட்டிக் காற்றை வெளியேற்றுவார்கள்.

ஆனால் குமிழிகள் இறுகிய படிவைத் தனியே பெயர்ப்பதில்லை. கரைசலைத் துளைகளுக்குள் தள்ளி, நைந்த படலத்தை அகற்றிப் புதிய பரப்பைத் திறந்து கொடுப்பதே அவற்றின் பங்கு. நைய வைப்பது கரைசலும் அதன் சூடும். நீடில் வால்வின் துளை, கார்புரேட்டரின் உள்வழி போன்ற தூரிகை எட்டாத இடங்களில்தான் கருவியின் அருமை தெரியும். வெளிப்புறத் தகடுகளுக்குப் பல்துலக்கும் தூரிகையே பல நேரம் போதுமானது.

கரைசலும் நடைமுறையும்

அலுமினியத்துக்குப் பாதுகாப்பானது என்று குறிக்கப்பட்ட மென்காரக் கரைசலை 50 முதல் 60 பாகை செல்சியஸில் பயன்படுத்துவது வழக்கம். எரிசோடா கலந்த அடுப்புத் துப்புரவுப் பொருள்கள் அலுமினியத்தைத் தின்று கருமையாக்கும். சில பந்தய எஞ்சின்களின் மக்னீசிய வார்ப்புகளை அமிலக் கரைசல் கெடுக்கும். மெத்தனால், பெட்ரோல், தின்னர் ஆகியவற்றைத் தொட்டியில் ஊற்றவே கூடாது: அதிர்வு அவற்றை ஆவியாக்கும், கருவியின் மின்பொறி ஆவியைப் பற்றவைக்கும்.

எஞ்சினை முழுதாகப் போடாமல் பிரித்துப் போட வேண்டும். பிளக், கேஸ்கெட், ஓ-ரிங், பிளாஸ்டிக் உறுப்புகள் வெளியே இருக்கட்டும். க்ராங்க்கேஸைச் சூடாக்கிப் பால் பேரிங்குகளையும் கழற்றுவது நல்லது. இல்லையேல் பெயர்ந்த அழுக்கு அங்கே போய்த் தங்கும். உறுப்புகளைக் கூடையில் இடவேண்டும், தொட்டியின் அடியில் படவிடக் கூடாது. ஐந்து நிமிடச் சுற்று, தூரிகையால் ஒரு தேய்ப்பு, மறுபடி ஒரு சுற்று என்று போவதே நெடுநேரம் ஓட்டுவதைவிடப் பயன் தரும்.

எண்ணெய் முழுதும் போன எஃகு மிக விரைவில் துருப்பிடிக்கும். நைட்ரோமீத்தேன் எரிந்த அமில எச்சம் முன்பே பேரிங்கைத் தாக்கியிருந்தால் இன்னும் விரைவு. நல்ல நீரில் அலசி, வெப்பக் காற்றில் உலர்த்தி, உடனே எண்ணெய் இடுவதைத் தள்ளிப்போட முடியாது.

இறுகிய விளக்கெண்ணெய்ப் படிவுக்கு, எத்திலீன் கிளைக்கால் உள்ள ரேடியேட்டர் குளிர்விப்பானில் மெதுவான சூட்டில் பல மணி நேரம் ஊறவைக்கும் வேறொரு முறையும் பரவலாக உண்டு. படிவை இளக்குவதில் அது மீயொலியை மிஞ்சும். கிளைக்கால் நச்சு என்பதால் அந்தப் பாத்திரம் மறுபடி சமையலறைக்குப் போகக்கூடாது. கிளைக்காலில் இளக்கி, பின் மீயொலியில் கழுவுவது நல்ல வரிசை.

குரோம் பூசிய பித்தளை சிலிண்டர்களில் பூச்சு ஏற்கெனவே உரியத் தொடங்கியிருந்தால் அதிர்வு அதை மேலும் உரிக்கும். ஆனோடைஸ் நிறங்களும் வலுவான காரத்துக்குத் தாங்காது. காக்ஸ் கோல்டன் பீ எஞ்சினின் பொன்னிற எரிபொருள் தொட்டி வெறும் வெள்ளை அலுமினியமாகிவிடலாம். அதனால் சேகரிப்பாளர்கள் நிறமுள்ள உறுப்புகளைத் தனியே எடுத்து மென்சோப்பு நீரில் கையால் கழுவுகிறார்கள்.