யானைக்கு முன்னால் சிக்கிக்கொண்ட தோட்டாக் கூடு

போடியில் தெரிந்தவர் வீட்டுப் பரணிலிருந்து இறங்கிய தகர டப்பாவில் மூன்று பித்தளைத் தோட்டாக் கூடுகள் கிடந்தன. அடியில் .470 என்ற முத்திரை. மூன்றும் சுட்டவை. "இதுல ஒண்ணு துப்பாக்கிய விட்டு வரவே மாட்டேன்னுருச்சாம், எதிர்க்க யானை நிக்குது" என்றார் வீட்டுப் பெரியவர். ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்த தாத்தா சொன்ன கதையாம்.

எது அந்தக் கூடு என்று கண்டுபிடிப்பது லேசு என்று நினைத்தேன். தோட்டாவுக்குக் கையால் மருந்து அடைப்பவர்கள் சுட்ட கூட்டின் கேப்பைத்தான் முதலில் பார்ப்பார்கள். அழுத்தம் மிஞ்சினால் கேப்பு இஸ்திரி போட்டது மாதிரி தட்டையாகிவிடும். ஊசி குத்திய பள்ளத்தைச் சுற்றிக் கரை எழும்பும். ஆனால் மூன்று கேப்பும் ஒரே மாதிரி, விளிம்பு உருண்டு, சாதாரணமாக இருந்தன. ஒன்றின் விளிம்பில் மட்டும் கத்தி வைத்து நெம்பிய கீறல்.

விடை அந்த மருந்தில் இருக்கிறது. 1889-இல் ஏபல், டிவார் இருவரும் காப்புரிமை பெற்ற கார்டைட். பார்க்க சேமியாதான். முதல் கலவையில் நைட்ரோகிளிசரின் 58 பங்கு, வெடிபஞ்சு 37, வாஸ்லைன் 5. (இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரி அருவங்காட்டில் இதற்கென்றே அரசு ஆலை வந்தது. பெயரே கார்டைட் ஃபேக்டரி.) இந்த மருந்து சூடேறினால் வேகமாக எரியும், அழுத்தம் கூடும். இங்கிலாந்துக் குளிரில் சரியாக இருந்த தோட்டா கம்பம் பள்ளத்தாக்கின் சித்திரை வெயிலில் அப்படியே இருக்காது. அதனால்தான் வெப்ப நாடுகளுக்கென்று மருந்தைச் சில கிரெயின் குறைத்த தோட்டாக்களையும் விற்றார்கள். 1911-இல் வந்த .416 ரிக்பிக்குக் கூட்டையே பெரிதாக்கி அழுத்தத்தைத் தணித்தார்கள்.

.470 இரட்டைக்குழல் ரைபிளுக்கு வகுத்த அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 14 டன். இன்றைய பல போல்ட் ரைபிள்களின் அழுத்தத்தில் பாதிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். கேப்பு தட்டையாவதற்கு ரொம்ப முன்னாலேயே இந்தத் துப்பாக்கி அதன் எல்லையைத் தாண்டியிருக்கும். போல்ட் ரைபிளில் கூடு இறுகினால் கைப்பிடியின் நெம்புவிசை பிடுங்கி எடுத்துவிடும். நடுவில் மடித்துத் திறக்கும் இரட்டைக்குழலுக்கு அந்த பலம் கிடையாது. வீங்கிய பித்தளை குழலைக் கவ்விக்கொள்ளும். ஆக, கூடு வர மறுப்பதுதான் இங்கே முதல் அறிகுறி. கேப்பைப் பார்த்து "பரவாயில்லை" என்று நினைப்பவன் ஏமாந்தான். மென்மையான கேப்பு சும்மாவே தட்டையாகும் என்பது வேறு விஷயம்.

அன்று யானை தானாக விலகிப் போனதாம். அதற்குப் பிறகு தாத்தா தோட்டாப் பெட்டியைத் தண்ணிப் பானைக்குப் பக்கத்தில்தான் வைப்பாராம். 1972-க்குப் பிறகு வேட்டை சட்டப்படி நின்றுபோனது. மேகமலைக் காடு 2021 முதல் புலிகள் காப்பகம். கீறல் விழுந்த கூட்டை மட்டும் படம் எடுத்துக்கொண்டு, டப்பாவைத் திரும்பப் பரணில் ஏற்றிவிட்டு வந்தேன்.