பிக்கப்புக்குத் தடிமனான ஸ்வே பார்: வளைவில் சாய்வது குறையுமா?

சந்தாபுராவிலிருந்து ஆனேக்கல் போற வழியில், வளைவுகளில் உங்க பிக்கப் சாயுதா? ‘தடிமனான ஸ்வே பார் போடுங்க, சரியாகிடும்’ என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பாதி உண்மைதான்.

ஸ்வே பார் என்பது இடது, வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனை இணைக்கும் இரும்புக் கம்பி. வளைவில் ஒரு பக்கம் அமுங்கும்போது அது முறுகி, சாய்வை எதிர்க்கும். இரண்டு சக்கரமும் ஒன்றாக வேகத்தடை ஏறினால் அதற்கு வேலையே இல்லை. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால்? குலுக்கல் மறுபக்கத்துக்கும் போகும்.

இப்போ கணக்கு. கம்பியின் விறைப்பு, விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 25 மி.மீ.க்குப் பதில் 28 மி.மீ. போட்டால் தடிமன் 12%தான் கூடுது, விறைப்போ சுமார் 57%! பின்பக்கம் மட்டும் இப்படி மாற்றினால், பாரம் ஏற்றாத பிக்கப்பின் பின்பகுதி மழையில் வழுக்கலாம். சுமை தாங்கும் திறனும் கூடாது.

ஆர்.சி. விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகவே அணுகியது. இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கும் முன்னாடி, இப்போதுள்ள பாரின் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கா, டயரில் காற்று சரியா இருக்கா என்று பாருங்க.