அங்காடியும் வளாகமும்: ஸ்பென்சர் பிளாசாவின் வரலாறு காட்டும் உண்மை

முன்னுரை

நகர வரலாறு எழுதப் புகுவோர் கோயிலுக்கும் கோட்டைக்கும் தரும் இடத்தை அங்காடிக்குத் தருவதில்லை. நம் பழம்புலவரோ அதனை அவ்வாறு விடுத்தாரல்லர். மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியுள் பகற்பொழுதின் நாளங்காடியையும் இரவுப்பொழுதின் அல்லங்காடியையும் தனித்தனியே விரித்துரைக்கின்றார். இளங்கோவடிகள் புகாரின் நாளங்காடியை மருவூர்ப்பாக்கத்திற்கும் பட்டினப்பாக்கத்திற்கும் நடுவே வைத்துக் காட்டுகின்றார். ஊரின் இரு பகுதியினரும் வந்து கூடும் இடமாக அங்காடி இருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

இன்று மக்கள் 'மால்' என்றும், நாளிதழ்கள் 'வணிக வளாகம்' என்றும் வழங்கும் கட்டடம் அங்காடி என்னும் பெயர்க்கு உரியதாகுமா? சென்னை அண்ணா சாலையிலுள்ள ஸ்பென்சர் பிளாசாவின் வரலாற்றைக் கொண்டு இவ்வினாவிற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

'பேரங்காடி' என்பது அண்மையில் ஆக்கப்பட்ட கலைச்சொல் என்று கருதுவார் உளர். அது பொருந்தாது. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் 'திரிபுவனமாதேவிப் பேரங்காடி' என்னும் பெயர் காணப்படுகின்றது. ஆகவே அச்சொல் ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது. 'வளாகம்' என்பதும் பழஞ்சொல்லே. வளைதல் என்னும் கருத்தை உட்கொண்ட இச்சொல், கடல் சூழ்ந்த நிலப்பரப்பைக் குறிப்பதாகப் புறநானூற்றில் வந்துள்ளது.

இவ்விரு சொற்களுக்கும் இடையே நுண்ணிய வேறுபாடு உண்டு. அங்காடி என்புழி மக்கள் கூடுதலும் கொடுத்தலும் கொள்ளுதலும் நினைவிற்கு வருகின்றன. வளாகம் என்புழியோ சூழ்ந்துள்ள எல்லையே முன்னிற்கின்றது. மக்கள் தம்மை அறியாமலே இப்புதிய கட்டடத்திற்குப் பொருத்தமான பெயரை இட்டனர் என்று நாம் கருதுகின்றோம்.

மவுண்ட் ரோட்டுக் கடை

1863-64ஆம் ஆண்டுகளில் சார்லஸ் துராண்ட், ஜே. டபிள்யூ. ஸ்பென்சர் ஆகிய இருவரும் தொடங்கிய வாணிகம், பின்னர் யூஜின் ஓக்ஷாட் என்பார் கையில் பெருவளர்ச்சி உற்றது. 1895ஆம் ஆண்டளவில் டபிள்யூ. என். போக்சன் வகுத்த வரைவின்படி, இந்தோ-சாரசனிக் பாணியில் அமைந்த பெருங்கட்டடத்தில் அக்கடை நிலைபெற்றது. 80க்கு மேற்பட்ட பிரிவுகள் ஒரே கூரையின்கீழ் அமைந்தன. எனினும் அவை யாவும் ஒரே நிறுவனத்திற்கு உரியவை. பெரும்பாலும் ஆங்கில அலுவலரையும் செல்வரையும் நோக்கி நடந்தவை. வாயிலிற் பூட்டில்லை, ஆயினும் எளியோர் உட்புகத் தயங்கினர்.

இதே காலத்தில் சென்ட்ரல் நிலையத்தின் அருகே மற்றொரு மூடிய சந்தை எழுந்தது. நகராட்சித் தலைவர் சர் ஜார்ஜ் மூர் 1898இல் அடிக்கல் நாட்ட, 1900இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட் அது. நாற்புறமும் கட்டடம் சூழ அமைந்ததாயினும் அது ஊர்ப்பொது. சிறு வணிகர் பலர் அங்கே கடை வைத்தனர். விலை பேசி வாங்குதல் அதன் இயல்பு. பதிப்பு அற்றுப்போன தமிழ் நூல்களைத் தேடி அதன் பழம்புத்தகக் கடைகளில் நின்ற ஆசிரியரும் மாணவரும் பலர். எனவே கூரையும் சுவரும் அங்காடித் தன்மையைக் கெடுப்பன அல்ல என்பது தெளிவு.

இரு தீ

ஸ்பென்சர் கட்டடம் 1983இல் தீக்கிரையாயிற்று. மூர் மார்க்கெட்டு 1985 மே மாதத்தில் எரிந்தது. ஈராண்டு இடைவெளியில் நகரம் தன் இரு பழைய வணிக மனைகளையும் இழந்தது. பின்னர் நிகழ்ந்தவை வேறுபட்டன. மூர் மார்க்கெட்டு நின்ற நிலம் இருப்புப்பாதைத் துறையின் கட்டடத்திற்கு ஆயிற்று. வணிகர் வேறிடம் பெயர்ந்தனர். ஸ்பென்சர் நிலமோ, ஏறத்தாழ 10 ஏக்கர் பரப்புடையது, மீண்டும் வணிகத்திற்கே உரியதாயிற்று.

புதிய வளாகம்

முற்றிலும் மூடிக் குளிர்காற்று ஊட்டப்பெற்ற வணிக வளாகம் அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்து ஈடைனாவில், 1956இல் சவுத்டேல் என்னும் பெயரால் முதன்முதல் திறக்கப்பட்டது. அதனை வகுத்த விக்டர் குரூயன் வியன்னாவிற் பிறந்தவர். நகரச் சதுக்கம் இல்லாத புறநகர்க்கு ஒரு சதுக்கம் தருவதே அவர் கருத்து. தம் கருத்து வெறும் விற்பனைக் கூடமாகச் சுருங்கியது கண்டு பிற்காலத்தில் அவரே அதனை மறுத்துரைத்தார்.

அவ்வடிவம் 1990களின் தொடக்கத்தில் ஸ்பென்சர் பிளாசாவாகச் சென்னைக்கு வந்தது. பின்னர் அது மூன்று பகுதிகளாக விரிந்தது. இங்கே ஒன்று கருதத்தக்கது. கடைகள் பலவும் தனித்தனி உரிமையாளர்க்கு விற்கப்பட்டன. உரிமை பலர்பாற் பிரியவே, இன்ன கடைதான் இருத்தல் வேண்டும் என்று வரையறுப்பார் இலராயினர். கைவினைப் பொருள், ஆடை, தோற்பை, மின்பொருள் விற்கும் சிறு கடைகள் நெருங்கின. வணிகர் வழிச்செல்வோரை அழைத்தனர். வாங்குவோர் விலையைக் குறைத்துக் கேட்டனர். ஓக்ஷாட் காலத்தில் எளியோர் தயங்கி நின்ற அதே நிலத்தில், குளிர்ந்த கூரையின்கீழ், நாளங்காடி மீண்டும் தோன்றிற்று.

அவ்வுரிமைப் பிரிவே பின்னர் அதன் தளர்ச்சிக்கும் காரணமாயிற்று. பலர்க்கு உரியதைப் பேணுதற்கும் புதுக்குதற்கும் ஒருமித்த முடிவு எய்துதல் அரிது. 2010இல் திறக்கப்பட்ட எக்ஸ்பிரஸ் அவென்யூவும், 2013இல் வேளச்சேரியில் எழுந்த ஃபீனிக்ஸ் வளாகமும் இதனின் வேறு முறையை மேற்கொண்டன. கட்டடம் ஒருவர் கையில் நிற்க, கடைகள் வாடகைக்கு விடப்பட்டன. அதனால் தூய்மையும் ஒழுங்கும் மிக்கன. விலை பேசுதலும் சிறு வணிகரும் அருகினர். எக்ஸ்பிரஸ் அவென்யூ நிற்கும் நிலத்தில் முன்பு மெட்ராஸ் கிளப் இருந்தது. 1832இல் தோன்றிய அம்மன்றம், ஆங்கிலேயர் ஆட்சிக்காலம் முழுவதும் இந்தியரை உறுப்பினராக ஏற்கவில்லை. அந்நிலத்தில் இன்று எவரும் புகலாம் என்பதனை நாம் குறைத்து மதிப்பிடுதல் தகாது.

தெருவின் மறுமொழி

தியாகராய நகர்ப் பாண்டி பசாரில் நடைபாதை வணிகர் 2013இல் அடுக்குமாடி வளாகம் ஒன்றிற்கு மாற்றப்பட்டனர். 2019இல் அதே தெரு மக்கள் நடந்து செல்லுதற்குரிய அகன்ற நடைமேடையோடு திறக்கப்பட்டது. வணிகர் வளாகத்துட் சென்றனர். வளாகத்தின் ஒழுங்கு தெருவிற்கு வந்தது. மயிலையிலோ, 2006இல் இராதாகிருஷ்ணன் சாலையில் சிட்டி சென்டர் திறக்கப்பட்ட பின்னரும், மாட வீதிகளின் காய்கறிக் கடைகள் நின்று நிலவுகின்றன. பங்குனியில் அறுபத்துமூவர் எழுந்தருளும் நாளில் கடைத்தெருவே விழாத்தெருவாகின்றது. இந்திர விழாவில் நாளங்காடிப் பூதத்திற்குப் பலியிட்ட புகாரின் வழக்கு ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. விழா எடுப்பது ஊர். அதற்கு எவரிடத்தும் இசைவு வேண்டாத இடம் அங்காடி. வளாகத்துள் விழா நிகழ்வதாயின் அதனை உரிமையாளரே நிகழ்த்துகின்றார்.

முடிவுரை

பழைய அங்காடி எல்லார்க்கும் ஒப்பத் திறந்திருந்தது என்று கூறுதல் மிகையாகும். புகாரில் சுங்கமும் காவலும் இருந்தமையைப் பட்டினப்பாலை உணர்த்துகின்றது. ஆதலின் சுவரும் கூரையும் காவலும் அங்காடியையும் வளாகத்தையும் பிரிப்பன அல்ல. எவர் விற்கலாம், எவர் கூடலாம் என்று முடிவு செய்யும் உரிமை ஊரிடம் உள்ளதா, ஒருவரிடம் உள்ளதா என்பதே பிரிக்கும் எல்லையாகும். ஒருவர்க்குரிய கடையாகத் தொடங்கி, பலர்க்குரிய அங்காடியாக மாறி, அப்பன்மையாலேயே தளர்ந்த ஸ்பென்சரின் வரலாறு இதற்குச் சான்று. அதன் தளர்ச்சியை வாணிகத் தோல்வியாக மட்டும் எழுதுதல் போதாது. ஒழுங்கையும் ஊர்ப்பொதுமையையும் ஒருங்கு காக்கும் வழியை நகரம் இன்னும் கண்டிலது என்பதே அது நமக்கு உணர்த்தும் உண்மையாகும்.