குகை தேடாத தியானம்: சப்ரகமுவ மலைகளில் திக்றின் மரபு

பலாங்கொடையிலிருந்து கல்தோட்டைக்குப் போகும் பாதையில் கூரகல மலை நிற்கிறது. அதன் பாறைக் குகைகளைத்தான் நம்மவர்கள் தப்தர் ஜெய்லானி என்கிறார்கள். முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) பாவா ஆதம் மலையைத் தரிசித்துவிட்டு இங்கே வந்து, பன்னிரண்டு வருடம் தனித்திருந்து தியானம் செய்தார்கள் என்பது தலைமுறை தலைமுறையாக வந்த வாய்மொழி.

வரலாறு என்று பேசும்போது இரண்டையும் பிரித்தே பார்க்க வேண்டும். 1166இல் பக்தாதில் மறைந்த அந்த மகானின் வாழ்க்கையைச் சொல்லும் பழைய நூல்கள், ஈராக்கின் பாழ்வெளிகளில் அவர்கள் தனித்துத் திரிந்த ஆண்டுகளைப் பேசுகின்றன. இலங்கை வருகை நமது சமூகத்தின் நினைவு. அதே மலையில் பிராமிக் கல்வெட்டுகளும் வரலாற்றுக்கு முந்திய மனிதரின் தடயங்களும் உள்ளன. ஆகவே இந்த இடத்தை நமக்கு மட்டும் உரியதென்று சொல்லவும் ஏலாது. நமக்கு அங்கே ஒன்றுமில்லை என்று மற்றவர் சொல்வதை ஏற்கவும் ஏலாது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. 1922இல் அங்கே பள்ளிவாசலை அமைக்க முன்நின்ற சி. எல். எம். மரிக்கார் பலாங்கொடையின் வியாபாரி. காட்டில் ஒதுங்கிய துறவியல்ல, கடையும் கணக்குமாக வாழ்ந்த மனிதர். அவருடைய மகன், பலாங்கொடையின் பாராளுமன்ற உறுப்பினராயிருந்த எம். எல். எம். அபூசாலி, அந்தத் தலத்தின் வரலாற்றை 2002இல் நூலாக்கினார். குகையின் தியானத்தைக் காத்து வந்தவர்கள் வேலைக்காரர்களும் வியாபாரிகளுமே.

சப்ரகமுவ தோட்டங்களின் நாளை நினைத்துப் பாருங்கள். கேகாலைப் பக்கத்து இறப்பர்க் காட்டில் வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். விடியலோடு வெட்டியாக வேண்டும். பலாங்கொடை மேட்டில் பிரட்டுக்குப் பிந்தினால் அன்றைய பேர் விழாது. தோட்டத்துச் சனங்களை நம்பியிருக்கும் கடைத்தெருவுக்கும் அதே மணிக்கணக்குத்தான். சம்பள நாளில் கடைக்காரருக்குச் சோறு தின்னவும் நேரமிராது. "தியானமா? எங்களுக்கு நேரம் எங்க ஈக்கி?" என்று கேட்டால் அது சாட்டு அல்ல, நியாயமான கேள்வி.

இந்தக் கேள்விக்கு இமாம் கஸ்ஸாலி (1058–1111) விடை சொல்லியிருக்கிறார்கள். இஹ்யாவில் விர்துகளை ஒழுங்குபடுத்தும் பாடத்தில், எல்லோருக்கும் ஒரே அட்டவணையை அவர்கள் போடவில்லை. வணக்கத்திலேயே இருப்பவர், ஆலிம், மாணவர், உழைப்பாளி, ஆட்சிப் பொறுப்புள்ளவர் என்று ஆளுக்கேற்பப் பிரிக்கிறார்கள். குடும்பத்தைக் காக்க உழைப்பவர் பிள்ளைகளைப் பட்டினி போட்டுவிட்டு வணக்கத்தில் மூழ்கக் கூடாது; வேலை நேரத்தில் வேலையே அவருடைய விர்து. ஆனால் கை வேலை செய்யும்போது நாவும் உள்ளமும் அல்லாஹ்வை மறக்கக் கூடாது. தஸ்பீஹை வேலையோடு சேர்த்துச் செய்ய முடியும் என்கிறார்கள்.

நக்ஷபந்தி மரபிலே இதற்கு ஒரு பெயரே உண்டு: 'கல்வத் தர் அஞ்சுமன்', அதாவது கூட்டத்துக்குள்ளே தனிமை. சூரத்துல் ஜும்ஆவின் 10ஆம் வசனமும், தொழுகை முடிந்ததும் பிழைப்பைத் தேடிப் பரந்து செல்லச் சொல்லும் அதே மூச்சில் அல்லாஹ்வை அதிகம் நினைக்கவும் சொல்கிறது. அந்த நினைவுக்கு உரிய இடம் பள்ளிவாசல் மட்டுமல்ல, பிழைப்புக்காக நடக்கும் பாதையும்தான்.

நமது முன்னோர் இதற்கு நடைமுறையும் வைத்திருந்தார்கள். யெமனின் தரீம் நகரத்து இமாம் அப்துல்லாஹ் அல்ஹத்தாத் (1634–1720) தொகுத்த ராத்திபு, நாள் முழுக்க உழைத்தவன் இஷாவுக்குப் பின் ஊராரோடு உட்கார்ந்து ஓதி முடிக்கக் கூடிய அளவானது. தனியே இருந்தால் தூக்கம் வரும். கூட்டத்தோடு ஓதினால் நாவு நிற்காது. களைத்தவனை அறிந்தவர்கள் செய்த ஏற்பாடு இது.

இன்று நமது பிள்ளைகளுக்குப் பாடசாலை, பின்னேரம் டியூஷன், இரவில் கையில் போன். தியானம் என்றால் அது வேறு யாருடையதோ என்று அவர்கள் நினைக்கத் தொடங்கிவிட்டார்கள். ஜெய்லானிக்கு வருடத்தில் ஒரு தடவை கந்தூரிக்குப் போய் வருவது நல்லதுதான். ஆனால் ஒரு மலையின் உரிமையை வழக்காடிக் காப்பதற்கு முன்னே, அந்த மலை எதற்காக நினைவில் நின்றதோ அந்தப் பழக்கத்தைக் காக்க வேண்டும். ஸுபஹுத் தொழுதுவிட்டு எழும்ப முன் ஐந்து நிமிடம்; பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில் நூறு ஸலவாத்து; இஷாவுக்குப் பின் வீட்டார் கூடி ஒரு ராத்திபு. இவ்வளவுக்கு எந்தத் தோட்டத்துப் பிரட்டும் குறுக்கே வராது.