கணக்கில் வராத சரக்கு

கொல்லிமலைச் சோளக்காட்டில் பலாவும் அன்னாசியும் ஏற்றிய அந்தச் சின்ன லாரியில், யாரும் எடை போடாத சரக்கு ஒன்றும் ஏறிக்கொண்டது. கொஞ்சம் காற்று. ஏறிய இடம் பின்னால் தொட்டியில் அல்ல, முன்னால் பிரேக் ஆயில் டப்பாவில்.

வண்டி என் மாமா மகனுடையது. நான் பேச்சுத்துணைக்குப் போனவன். இடது பின்சக்கரத்து வீல் சிலிண்டரில் ரப்பர் கப் தேய்ந்து பல நாளாக எண்ணெய் கசிந்திருக்கிறது. டிரம்முக்குள்ளேயே ஊறிக்கிடந்ததால் தரையில் ஒரு சொட்டுகூட விழவில்லை. எங்களுக்குத் தெரியவும் இல்லை. டப்பாவில் மட்டம் மட்டும் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டே வந்தது.

காரவள்ளிக்கு இறங்கும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வண்டி மூக்கைக் கவிழ்த்துத் திரும்பும்போது டப்பாவில் மிச்சமிருந்த எண்ணெய் ஒரு மூலைக்கு ஒதுங்கும். மாஸ்டர் சிலிண்டருக்குப் போகிற துளை ஒரு நொடி வெறுமையாகும். பெடலிலிருந்து காலை எடுத்தால் பிஸ்டன் பின்னால் வந்து டப்பாவிலிருந்து இழுக்கும். எண்ணெய் இருந்தால் எண்ணெய், இல்லாவிட்டால் காற்று. வளைவுக்கு வளைவு கடுகு கடுகாகச் சேர்ந்து, பாதி மலை இறங்குவதற்குள் புளியங்கொட்டை அளவுக்கு ஆகிவிட்டது.

“பெடல் பஞ்சாட்டம் போகுது மச்சான்” என்றான். இரண்டாவது கியரிலிருந்து முதல் கியருக்கு மாற்றினான். அப்புறம் அடிவாரம் வரும்வரை இருவரும் பேசவில்லை.

புளியங்கொட்டை அளவுக் காற்றுக்கா இவ்வளவு பயம் என்று கேட்கலாம். 22 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டன் 3 செ.மீ. நகர்ந்தால் அது தள்ளுகிற எண்ணெய் மொத்தமே 11 சிசி சொச்சம்தான். அந்தக் கொட்டை 1 சிசி என்று வையுங்கள். எண்ணெய் நசுங்காது, காற்று நசுங்கும். ஓங்கி மிதிக்கும்போது குழாய்க்குள் ஏறுகிற அழுத்தத்தில் அது ஒன்றுமில்லாமல் சுருங்கிப்போகும். சுருங்கிய அந்த இடத்தை நிரப்பவே பிஸ்டன் இரண்டரை மி.மீ.க்கு மேல் நகர வேண்டும். பெடலின் நெம்பு ஐந்து மடங்கு என்றால், காலுக்கு அது ஒரு செ.மீ.க்கும் கூடுதல். அவ்வளவும் சக்கரத்துக்குப் போய்ச் சேராத மிதி.

அடிவாரத்துப் பட்டறையில் மெக்கானிக் பானெட்டைத் திறக்கவே இல்லை. முதலில் ஒரு கேள்வி கேட்டார்: “நின்னு ஆறுனதுக்கப்புறம் பெடல் சரியாச்சுங்களா?” இறக்கத்தில் விடாமல் மிதித்தால் சூட்டில் எண்ணெயே கொதித்து ஆவியாகிவிடும். டாட் 3 எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை தாங்க வேண்டும் என்பது தரக்கணக்கு. அது காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும் சாதி, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் 140 டிகிரி தாங்கினாலே போதும் என்று அதே கணக்கு இறங்கி வந்துவிடுகிறது. ஆவியாக இருந்தால் ஆறியதும் பெடல் திரும்பிவிடும். எங்களுக்குத் திரும்பவில்லை.

சீட்டில் ஏறி உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் மிதித்தார். அரை நிமிஷம் அப்படியே பிடித்திருந்தார். பெடல் மெல்ல இறங்கவில்லை. ஆகவே மாஸ்டர் சிலிண்டர் கப் மேல் பழியில்லை. பிறகு வேகமாக நாலு மிதி. பெடல் மேலே வந்தது, ஆனால் வந்த பிறகும் ஸ்பிரிங் மாதிரி துள்ளியது. மேலே வந்து கல்லாக நின்றிருந்தால் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிப்போச்சு என்று பொருளாம். “உள்ள ஏர் இருக்குதுங்க. எப்படிப் போச்சுன்னு பாக்கோணும்.” அந்த இரண்டாவது வாக்கியத்துக்காகவே அவருக்குக் கூலி கொடுக்கலாம். டப்பாவை நிரப்பி அனுப்பிவிடுகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

டிரம்மைக் கழற்றி, வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் விலக்கினார். எண்ணெய் வழிந்தது. கப் மாற்றி, எண்ணெயில் ஊறிய லைனிங்கையும் மாற்றினார்கள்.

இதற்குள் நம் குமிழி எங்கே? பெரிதாக ஒன்றும் போய்விடவில்லை. பிரேக் எண்ணெய், ரத்தம்போலச் சுற்றி வருவதில்லை. மிதித்தால் கொஞ்சம் முன்னே, விட்டால் அதே அளவு பின்னே. குமிழி பின்சக்கரத்துக் குழாயில் ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது. பென்சில்கூட நுழையாத குழாய் அது. அதற்குள் காற்று தானாக மிதந்து மேலே வந்துவிடாது, கார்க் மாதிரி அடைத்துக்கொண்டு நிற்கும். ஐந்து மீட்டர் குழாயில் 40 சிசி போல எண்ணெய் பிடிக்கும். அதை முழுக்கத் தள்ளினால்தான் குமிழி கிளம்பும்.

மாஸ்டர் சிலிண்டருக்கு எட்டத்தில் இருந்த சக்கரம் அதே இடது பின்சக்கரம்தான். அங்கிருந்தே ஆரம்பித்தார்கள். பிளீடர் நிப்பிளில் 10 நம்பர் ரிங் ஸ்பானர், அதன் மேல் கண்ணாடி டியூப், டியூபின் மறுமுனை கொஞ்சம் எண்ணெய் ஊற்றிய பாட்டிலுக்குள். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை. பழைய சிலிண்டரில் பிஸ்டன் எப்போதும் போகாத ஆழத்தில் துரு இருக்கும், அதுவரை மிதித்தால் நல்ல கப்பும் கிழிந்துவிடும் என்றார். சீட்டில் பட்டறைப் பையன்.

“மிதி. மிதி. மிதி. புடிச்சுக்கோ.”

“புடிச்சாச்சுண்ணா.”

ஸ்பானர் கால் திருப்பு. பெடல் சரசரவென்று கட்டைவரை இறங்கியது. காப்பி நிறத்தில் எண்ணெய் வந்தது. ஸ்பானர் மூடிய பிறகுதான் “விடு”. ஐந்தாவது முறையோ என்னவோ, பையன் அவசரப்பட்டுக் காலைத் தூக்கிவிட்டான். டியூபில் எண்ணெய் ஒரு சாண் பின்னால் ஓடியது. “காலை எடுக்காதேடா! வெளிய வர்றதத் திருப்பி உள்ள கூப்பிடற!” பையன் நாக்கைக் கடித்துக்கொண்டான். டப்பாவைக் கவனித்து ஊற்றுகிற வேலை என்னுடையது. அதில் மட்டம் குறைந்தால் மறுபடியும் சோளக்காட்டிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

எட்டாவது மிதிக்கோ ஒன்பதாவதுக்கோ அது வந்தது. முதலில் சோப்பு நுரை மாதிரி சின்னச் சின்னதாக. அடுத்து நீளமாக ஒன்று, டியூபில் ஒரு விரற்கடை. பாட்டிலுக்குள் இறங்கி, எண்ணெய்க்குள் உருண்டை கட்டி, மேலே வந்து, சத்தமே இல்லாமல் உடைந்தது. அதற்கு அப்புறம் வந்தது தேன் நிறப் புது எண்ணெய். மற்ற மூன்று சக்கரத்திலும் பார்த்தார்கள், பெயருக்கு.

மாமா மகன் ஏறி மிதித்தான். இரண்டு விரற்கடை போய் நின்றது. இன்னொரு தடவை மிதித்தான். அதே இடம்.

பக்கத்தில் நின்ற பத்துச் சக்கர லாரிக்குப் பிரேக்கே காற்றுதான். அதன் டிரைவர் குனிந்து ஏர் டேங்கின் அடியில் இருந்த வளையத்தை இழுத்தார். ‘புஸ்’ஸென்ற சத்தத்தோடு உள்ளே தங்கியிருந்த தண்ணீர் மண்ணில் பீய்ச்சியடித்தது. நல்ல காற்றும் கொஞ்சம் கூடவே போகிறதே என்பதுபோல, சட்டென்று வளையத்தை விட்டார்.