ரோபோவுக்கான மின்கலம்: ஆர்டுயினோ யூனோ

ஆர்டுயினோ யூனோ பலகையில் ஓடும் சிறு ரோபோக்களில் மின்கலத்துக்கு இரண்டு வேலைகள். சில பத்து மில்லிஆம்பியர் மட்டுமே கேட்கும் பலகைக்கு 5 வோல்ட்டைக் குலையாமல் கொடுக்க வேண்டும். கிளம்பும்போதும் சுவரில் முட்டி நிற்கும்போதும் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும் மோட்டார்களுக்கும் ஈடுகொடுக்க வேண்டும். முதல் வேலையை எந்த மின்கலமும் செய்யும். இரண்டாவதைப் பார்த்துத்தான் மின்கலம் வாங்க வேண்டும்.

யூனோவின் வட்டச் செருகுவாய்க்கு 7 முதல் 12 வோல்ட் வரை பரிந்துரைக்கப்படுகிறது. உள்ளே இருக்கும் டையோடும் சீராக்கியும் சேர்ந்து ஏறக்குறைய 2 வோல்ட்டை விழுங்குவதால் 7-க்குக் கீழே போனால் 5 வோல்ட் தளரும். 12 வோல்ட் கொடுத்து 200 மில்லிஆம்பியர் இழுத்தால் 1.4 வாட் வெறும் சூடாகப் போய்விடும்.

எண்ணை மட்டும் பார்த்தால் 9 வோல்ட் சதுர பேட்டரி கச்சிதமாகப் பொருந்துவதுபோல் தெரியும். அதுதான் மிக மோசமான தேர்வு. அதற்குள் இருப்பவை ஆறு குட்டிக் கலங்கள். கொள்ளளவு ஏறத்தாழ 500 மில்லிஆம்பியர்-மணி, அக மின்தடையோ அதிகம். மஞ்சள் கியர் மோட்டார்கள் இரண்டும் ஒன்றாக இழுத்தவுடன் மின்னழுத்தம் சரிந்து பலகை மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். வண்டி ஒரு துள்ளு துள்ளி நிற்கும், 13-ஆம் முனையின் விளக்கு படபடவென்று மின்னும், மறுபடியும் துள்ளும். இதைப் பார்த்துவிட்டு நிரலில் பிழை தேடுபவர்களே அதிகம்.

ஏஏ அளவில் மறுமின்னேற்றம் செய்யத்தக்க நிக்கல் கலங்கள் ஆறைத் தொடராக இணைத்தால் 7.2 வோல்ட் கிடைக்கும்; பள்ளி மாணவர்களுக்கு இதுவே பாதுகாப்பானது. அடுத்தது 18650 லித்தியம் கலம்: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். இரண்டைத் தொடராக இணைத்தால் 7.4 வோல்ட், முழுதாக ஏறியபின் 8.4. பக்க இணைப்பில் வோல்ட் கூடாது, கொள்ளளவே கூடும். நல்ல கலமே 3,500 மில்லிஆம்பியர்-மணியை ஒட்டித்தான் தரும் என்பதால், உறையில் 9,900 என்று அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். பழையதையும் புதியதையும் ஒரே அடுக்கில் சேர்க்கக் கூடாது. இரண்டு கலங்களுக்கான பாதுகாப்புப் பலகை கட்டாயம். மலிவான டிபி4056 மின்னேற்றி ஒற்றைக் கலத்துக்கானது. தொடர் இணைப்பில் உள்ள இரண்டை அதனால் ஏற்ற முடியாது.

எல்298என் மோட்டார் இயக்கி 1 ஆம்பியரில் ஏறத்தாழ 2 வோல்ட்டைத் தின்றுவிடும். 7.4 வோல்ட் அடுக்கில் மோட்டாருக்கு 5 வோல்ட்டை ஒட்டி மிஞ்சும். 3 முதல் 6 வோல்ட்டில் ஓடும் மஞ்சள் மோட்டாருக்கு அது போதும். அடுக்கின் நேர்முனையிலிருந்து பியூஸ், சுவிட்ச் வழியாக வரும் கம்பியை இயக்கிக்கும் பலகையின் ‘விஇன்’ முனைக்கும் பிரித்துக் கொடுக்கலாம். ‘விஇன்’ முனையில் டையோடின் காவல் கிடையாது. முனைகளை மாற்றிக் கொடுத்தால் பலகை போய்விடும். வட்டச் செருகுவாயில் நடு ஊசிதான் நேர்முனை.

பலகைக்கும் மோட்டாருக்கும் தனித்தனி மின்கலம் வைத்தாலும் இரண்டின் கிரவுண்டையும் ஒன்றாக இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் சமிக்ஞைக்குப் பொது அடிப்படை இல்லாமல் மோட்டார் மனம்போனபடி சுழலும். பலகைக்கு மட்டும் பவர்பேங்க் வைப்பதும் நல்ல வழியே. ஆனால் சில பவர்பேங்குகள், இழுக்கப்படும் மின்னோட்டம் மிகக் குறைவாக இருந்தால் தாமாகவே அணைந்துவிடும்.