நேர்காணலும் ஒலிப்பதிவும்: சுருக்கெழுத்து முதல் இணைய அழைப்பு வரை – ஒரு வரலாற்று நோக்கு

ஒருவர் வாயாற் கூறியதை மற்றொருவர் எழுத்தில் வடிக்கும்போது, அவ்வெழுத்து முன்னவரின் கூற்றா, பின்னவரின் ஆக்கமா என்னும் ஐயம் எழுதல் இயல்பே. வரலாற்றாசிரியரும் பத்திரிகை எழுத்தாளரும் நெடுங்காலமாக எதிர்நோக்கிவரும் இவ்வையத்தைத் தீர்ப்பதற்கென ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு கருவி முன்வைக்கப்பட்டது. இணையவழி அழைப்பினை மென்பொருள் கொண்டு பதிவுசெய்து கட்டுரை வரையும் இன்றைய சுதந்திர எழுத்தாளர் அந்நீண்ட வரிசையின் இறுதியில் நிற்பவர். அக்கருவிகள் வளர்ந்த வரலாற்றையும், அவ்வளர்ச்சியினால் தீர்ந்த சிக்கல்கள் எவை, தீராதவை எவை என்பதனையும் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒலிப்பதிவு தோன்றுமுன் எழுத்தாளரின் கருவியாக விளங்கியது சுருக்கெழுத்தாகும். இங்கிலாந்தில் ஐசக் பிற்மன் 1837இல் வெளியிட்ட முறை, பேச்சொலியை அடிப்படையாகக் கொண்டது. ஹென்றி மேஹியூ 1849ஆம் ஆண்டு முதல் இலண்டன் நகரத் தொழிலாளரையும் தெரு வணிகரையும் நேரிற் கண்டு, அவர்தம் கூற்றுக்களை அவர்தம் வாய்மொழியிலேயே வெளியிட்டார். ஏழை மக்களின் குரல் அச்சேறியமை பெருஞ்சாதனையே. ஆயினும், அக்கூற்றுக்களில் மேஹியூவின் பேனா எவ்வளவு கலந்துள்ளது என்பதை இன்று நாம் அறுதியிட்டுக் கூறமுடியாது. ஒப்புநோக்குவதற்கு மூலக் குரல் இல்லை.

தோமஸ் எடிசன் 1877இல் ஒலிவரைவியை ஆக்கினார். அதற்கு முந்திய ஆண்டிலேயே அலெக்சாந்தர் கிரகாம் பெல் தொலைபேசிக்கான காப்புரிமையைப் பெற்றிருந்தார். தமது கருவியின் பயன்களை 1878இல் பட்டியலிட்ட எடிசன், இசையை முதன்மைப்படுத்தவில்லை. கடிதம் எழுதுவித்தலே அப்பட்டியலில் முன்னிற்கின்றது. தொலைபேசியுடன் இணைத்து, கணப்பொழுதில் மறையும் உரையாடலை நிலையான ஆவணமாக்கலாம் என்பதும் அவர் குறித்த பயன்களுள் ஒன்று. எனவே தொலைபேசி உரையாடலைப் பதிவுசெய்யும் எண்ணம் ஒலிப்பதிவின் பிறப்போடு உடன்பிறந்தது எனல் பொருந்தும்.

அவ்வெண்ணத்தைச் செயற்படுத்த முனைந்தவர் டென்மார்க் நாட்டினரான வல்டெமார் பவுல்சன் ஆவார். 1898இல் அவர் ஆக்கிய ‘தெலெகிராபோன்’ உருக்குக் கம்பியில் காந்தப்புலத்தாற் குரலைப் பதிந்தது. தொலைபேசிச் செய்தியைப் பதிந்துவைத்தலே அதன் முதன்மை நோக்கம். 1900இல் பாரிஸ் கண்காட்சியிற் பதியப்பெற்ற ஒஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் ஜோசப்பின் குரல் இன்றும் பேணப்பட்டு வருகின்றது. ஜேர்மனியில் பிரிட்ஸ் புளோய்மர் 1928இல் கண்ட ஒலிநாடாவும், 1935இல் பேர்லினிற் காட்சிக்கு வந்த மக்னெற்றோபோன் கருவியும் இத்துறையின் அடுத்த படிகளாகும்.

நேர்காணல் வரலாற்றிற் சிறப்பிடம் பெறுவது 1946ஆம் ஆண்டு. சிக்காகோவைச் சேர்ந்த உளவியற் பேராசிரியர் டேவிட் போடர், கம்பி ஒலிப்பதிவுக் கருவியுடன் ஐரோப்பா சென்று, நாசி வதை முகாம்களிலிருந்து மீண்டோர் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட அகதிகளின் வாக்குமூலங்களைப் பல மொழிகளிற் பதிவுசெய்தார். தயக்கமும் விம்மலும் இடைநின்ற மௌனமுங்கூட அக்கம்பிச் சுருள்களில் இடம்பெற்றன. சுருக்கெழுத்து எக்காலத்தும் பிடிக்கமுடியாதவை இவை.

ஆனால் அறிஞர் அனைவரும் குரலின் அருமையை உடன் உணர்ந்தனர் எனக் கூறுதற்கில்லை. அலன் நெவின்ஸ் 1948இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் வாய்மொழி வரலாற்றுத் திட்டத்தைத் தொடக்கினார். அதன் முதல் நேர்காணல் கையாற் குறிப்பெடுக்கப்பட்டது. ஒலிநாடா வந்த பின்னரும், தொடக்க ஆண்டுகளில், எழுத்துப்படி ஆயத்தமானதும் நாடாவை அழித்து மீளப் பயன்படுத்தும் வழக்கம் அங்கு நிலவிற்று. எழுத்துப்படியே ஆவணம், குரல் அதற்கு ஏணி மட்டுமே என்பது அவர்தம் கருத்து. இன்றைய ஆய்வாளர் இதனை ஏற்கார். பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகஞ்செய்த கசெற் நாடா, பெருநிறுவனங்களின் உடைமையாயிருந்த ஒலிப்பதிவைத் தனியொருவரின் கைக்குக் கொண்டுவந்தது. நிறுவனச் சார்பற்ற எழுத்தாளருக்கு இதனால் விளைந்த நன்மை பெரிது.

கருவி எளிமையடைந்த அளவுக்கு இசைவு பற்றிய வினாவும் கூர்மையடைந்தது. ஐக்கிய அமெரிக்காவின் தொடர்பாடல் ஆணைக்குழு 1947இல் தொலைபேசி உரையாடலைப் பதிவுசெய்ய இடமளித்தபோது, பதினைந்து விநாடிக்கொரு முறை எச்சரிக்கை ஒலி கேட்கவேண்டும் என விதித்தது. கலிபோர்ணியா மாநிலம் 1967இல் இயற்றிய சட்டம் அந்தரங்க உரையாடலைப் பதிவதற்கு அதில் ஈடுபட்ட அனைவரது இசைவையும் வேண்டிநின்றது. 1968ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டமோ ஒருவரது இசைவே போதுமெனக் கொண்டது. ஒரே நாட்டிலேயே விதி இவ்வாறு வேறுபடுமாயின், இரு நாடுகளில் இருந்துகொண்டு உரையாடுவோர் நிலை கூறாமலே விளங்கும். இருவர் நாட்டுச் சட்டங்களுள் கடுமையானதையே பின்பற்றுதல் எழுத்தாளருக்குப் பாதுகாப்பானதாகும்.

ஒலிப்பதிவின் சான்றுவலு நீதிமன்றில் உரைத்துப் பார்க்கப்பட்ட வழக்கொன்றை ஈண்டு விரித்து நோக்குதல் தகும். ஜனற் மல்கம் என்னும் எழுத்தாளர், பிராய்ட் ஆவணக்காப்பகத்திற் பணியாற்றி நீக்கப்பட்ட ஜெப்ரி மேசனைப் பற்றி 1983இல் ‘நியூ யோர்க்கர்’ இதழில் நீண்ட கட்டுரை வரைந்தார். தாம் கூறாதவற்றைத் தம் கூற்றாக மேற்கோளிட்டு இழிவுபடுத்தினார் என மேசன் வழக்குத் தொடுத்தார். நாற்பது மணிநேரத்துக்கு மேற்பட்ட ஒலிநாடாக்கள் இருந்தும், வழக்கிற்குரிய மேற்கோள்கள் அவ்வாறே அவற்றிற் காணப்படவில்லை. கைக்குறிப்பிலிருந்து தட்டச்சிட்ட தாள்களையே மல்கம் சான்றாகக் காட்டினார். சொற்களை அறிந்தே மாற்றியமை மட்டும் பொய்ம்மைக்குச் சான்றாகாது, பொருள் அடிப்படையில் மாறியிருத்தல் வேண்டும் என உச்சநீதிமன்றம் 1991இல் தீர்த்தது. 1994இல் யூரிமார் மல்கமின் சார்பிலே முடிவு கூறினர். காணாமற்போன குறிப்பேடு தமது வீட்டிலேயே கிடைத்ததாக அவர் 1995இல் அறிவித்தார். ஏறத்தாழப் பத்தாண்டு நீடித்த இவ்வழக்கு இரு உண்மைகளை உணர்த்துகின்றது: பதியப்படாத ஒரு பொழுதே பெருவழக்கிற்கு வித்தாகலாம், பதிந்தவற்றைக் கூடச் சொல்லுக்குச் சொல் ஒப்புநோக்கினாலன்றி அவை காவலாகா.

இணையம் இவ்வரலாற்றிற் புதியதோர் அதிகாரத்தைத் தொடக்கியது. 2003இல் வெளிவந்த ஸ்கைப், தொலைதூர நேர்காணலின் செலவைப் பெரிதும் குறைத்தது. அதற்கெனப் புறத்தே அமைந்த பதிவு மென்பொருள்களையே எழுத்தாளர் நீண்டகாலம் நாடினர். ஸ்கைப் தன்னகத்தே பதிவு வசதியைச் சேர்த்தது 2018இலேயே ஆகும். பதிவு நடைபெறுவதை உரையாடுவோர் அனைவருக்கும் அறிவிக்கும் முறை அதில் அமைந்திருந்தது. 1947இன் எச்சரிக்கை ஒலி மென்பொருள் வடிவில் மீண்டும் தோன்றியது எனலாம். ஆயின் அப்பதிவுகள் முப்பது நாள் மட்டுமே நிறுவனத்தாற் பேணப்பட்டன. 2025 மே மாதத்தில் ஸ்கைப் சேவையே நிறுத்தப்பட்டது. பிறர் களஞ்சியத்தை நம்பித் தம் மூலத்தை வைத்தல் எத்துணை ஆபத்தானது என்பதற்கு இது தக்க சான்று.

இணைய அழைப்பின் இயல்பும் அறியற்பாலது. பேச்சு சிறுசிறு தரவுப் பொதிகளாகப் பகுக்கப்பட்டு அனுப்பப்படுகின்றது. வழியிற் சில தவறினால் மென்பொருள் அவ்விடத்தை ஊகத்தால் நிரப்பும், அன்றேல் வெறுமையாக விடும். எனவே கேட்பவர் பக்கத்திற் பதிவது அவரை வந்தடைந்த ஒலியையே அன்றிச் சொன்னவர் உதிர்த்த ஒலியை அன்று. ‘இல்லை’ என்னும் ஒரு சொல் மறையின் கூற்றின் பொருளே தலைகீழாகும். இருவரும் தத்தம் கணினியில் தம் குரலைத் தனித்தனியே பதிந்து, பின்னர் இணைக்கும் முறை இக்குறையை நீக்குகின்றது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஒடாசிற்றி போன்ற இலவச மென்பொருளே இதற்குப் போதுமானது. பொருள்வளம் குன்றிய சுதந்திர எழுத்தாளரும் பெருநிறுவனத்துக்கு நிகரான மூலத்தைப் பெறல் இன்று இயலும்.

பேச்சைத் தானே எழுத்தாக்கும் மென்பொருள்கள் அண்மைக்கால வரவாகும். 2022இல் வெளியான விஸ்பர் அவற்றுள் ஒன்று. அது சிலவேளைகளில் எவரும் கூறாத தொடர்களைச் சேர்த்துவிடுகின்றது என்பது 2024இல் வெளியான ஆய்வாற் புலனாயிற்று. எழுத்துப்படியை நம்பிக் குரலை அழித்தோரின் பிழை, இவ்வாறு புதிய வடிவில் எம்மை எதிர்நோக்குகின்றது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், கருவிகள் மாறினும் எழுத்தாளரின் கடமைகள் பெரிதும் மாறவில்லை என்பது தெளிவாகும். பதியுமுன் இசைவு பெற்று அவ்விசைவையும் பதிதல், மூலத்தை இரண்டிடத்திலேனும் பேணல், மேற்கோளை அச்சுக்கு அனுப்புமுன் குரலோடு ஒப்பிடல் என்பன அவை. பத்திரிகை நிறுவனத்தில் ஊதியம் பெறுவோருக்குச் சட்டத்தரணியும் ஆவணக்காப்பகமும் துணைநிற்கலாம். தனித்து நிற்கும் எழுத்தாளருக்கோ அவர் கையிலுள்ள பதிவே துணை. அதனிலும் மேலாக, தம் சொல்லை நம்பி ஒப்படைத்தவருக்கு அச்சொல் திரிபடையாது என்பதற்கான உறுதியும் அதுவே. மேஹியூவிடம் பேசிய தெரு வணிகருக்கு அவ்வுறுதி கிட்டவில்லை. இன்று நம்மிடம் பேசுவோருக்கு அது கிட்டாதுபோமாயின், அக்குறை கருவியினது அன்று, நம்முடையதேயாம்.